வாய் நலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நோயாளிகளின் வாய்ப் பராமரிப்பைப் பற்றித் தேர்வில் எழுதியிருக்கிறேன். வார்டில் செய்தும் இருக்கிறேன். ஆனால் பல் தேய்க்கும்போது எனக்கே ஈறில் ரத்தம் வருகிறது. விடுதித் தோழிகள் சிலருக்கும் இப்படித்தான். ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்கிறார்கள். வார்டிலிருந்து களைத்துத் திரும்பும் இரவுகளில் பல் தேய்ப்பதும் தவறிவிடுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் மென்மையாகவும் கூடுதல் கவனத்தோடும் தேய்க்க வேண்டும். ஈறின் ஓரத்தில் படியும் ‘பிளாக்’ என்னும் ஒட்டும் படலத்தில் உள்ள கிருமிகளால் ஈறு வீங்குவதே பெரும்பாலும் இந்த ரத்தக்கசிவுக்குக் காரணம். தொடாமல் விட்டால் படலம் தடிக்கும், வீக்கமும் கூடும்.

இதை உறுதியாகக் காட்டிய ஆய்வில் பங்கேற்றவர்களே பெரும்பாலும் உங்களைப் போன்ற மாணவர்கள்தாம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் நடத்தி 1965-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஈறு நலமாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. அந்த நாட்களில் அவர்களுடைய பாட அறிவு சிறிதும் குறையவில்லை, பிரஷ் மட்டுமே நின்றிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நலவியல் படிப்புகளில் பிறர் வாயைக் காக்கக் கற்றுத்தருகிறோம். மாணவரின் சொந்த வாயை யாரும் பார்ப்பதில்லை. இது நம் பயிற்சியில் உள்ள பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் உருவாகி, பல நாடுகளில் பல் மருத்துவ மாணவர்களிடம் பயன்படுத்தப்பட்ட, அவரவர் சொந்த வாய்ப் பராமரிப்பைப் பற்றிய 20 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உண்டு. பல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதைச் சாயம் பூசிப் பார்த்திருக்கிறீர்களா என்பதும் அதில் ஒரு கேள்வி. உங்கள் கல்லூரிக்கு அருகில் பல் மருத்துவப் பிரிவு இருந்தால், படலத்தை நிறமாகக் காட்டும் அந்தச் சாயத்தைத் தோழிகளோடு சேர்ந்து ஒருமுறை பூசிப் பாருங்கள். எந்தெந்த இடத்தில் பிரஷ் படவே இல்லை என்பது கண்ணாடியிலேயே தெரிந்துவிடும்.

தேய்க்கும் முறையைப் பொறுத்தவரை, மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்வாக வைத்து, சிறு அசைவுகளாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இம்முறையை வகுத்த சார்லஸ் பாஸ், நியூ ஆர்லியன்சின் டுலேன் மருத்துவப் பள்ளியில் டீனாக இருந்தவர். அவர் பல் மருத்துவர் அல்லர், பொது மருத்துவம் பயின்றவர். இரண்டு நிமிடம், நாளுக்கு இருமுறை, ஃபுளோரைடு பற்பசையோடு தேய்க்க வேண்டும். பற்களின் இடுக்கில் பிரஷ் நுழையாது. அதற்குப் பல் இடுக்கு நூல் தேவை.

இரவுத் தேய்ப்பைத் தவறவிடாதீர்கள். உறங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால், வாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் ஆற்றலும் குறைகிறது. படுக்கும் நேரத்தில் களைப்பு வெல்லும் என்றால், இரவு உணவு முடிந்ததும் அறைக்குள் நுழைவதற்கு முன்பே தேய்த்துவிடுங்கள். அதன்பின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்கள். படலம் பல்லில் கல்போல் இறுகிக் காரையாகிவிட்டால், அதைப் பிரஷால் எடுக்க முடியாது. தேய்க்காதபோதும் ரத்தம் வந்தாலோ, தோலில் காரணமின்றிச் சிவப்புப் புள்ளிகள் தோன்றினாலோ காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். படிக்கும் என் மகன், நேரமில்லை என்று மவுத்வாஷால் கொப்பளித்துவிட்டு ஓடுகிறான். அது போதுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: போதாது. பல்லில் ஒட்டிய படலத்தைத் தேய்த்துத்தான் அகற்ற முடியும். குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த திரவம் என்றால், தொடர்ந்து பயன்படுத்தும்போது பல்லில் பழுப்புக் கறை படியும், சுவை உணர்வும் மாறக்கூடும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். தேய்த்த உடனே மவுத்வாஷால் கொப்பளிப்பதும் பல்லில் தங்கியிருக்க வேண்டிய ஃபுளோரைடைக் கழுவிவிடும். தேய்த்த பின் நுரையைத் துப்பினாலே போதும் என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள்; கொப்பளிக்கும் நேரமும் அவருக்கு மிச்சமாகும்.