குப்புறப் படுத்தால் ஆக்சிஜன் ஏறுமா? தீவிர சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வைரஸ் நிமோனியாவால் மூச்சுத் திணறும் அப்பாவைக் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள். மூச்சு இன்னும் முட்டாதா?

பதில்: உங்கள் அச்சம் இயல்பானதே. ஆனால், நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கமாக அமைந்திருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது இதயமும், நீர் கோத்துக் கனத்த நுரையீரலும் அப்பகுதியை அழுத்துவதால் காற்றறைகள் சுருங்கிவிடுகின்றன. இரத்தம் அங்கேதான் அதிகம் பாய்வதால், ஆக்சிஜன் பெறாமலேயே திரும்புகிறது. குப்புறப் படுத்ததும் அக்காற்றறைகள் விரிய, காற்றும் இரத்தமும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

கேள்வி: அரை மணி நேரத்திலேயே கழுத்து வலிக்கிறது என்கிறார். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் தந்த வழிகாட்டுதலே ஒரு நிலையில் 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை இருந்தால் போதும் என்கிறது. பிறகு வலப்பக்கம் ஒருக்களித்தும், சாய்ந்து உட்கார்ந்தும், இடப்பக்கம் ஒருக்களித்தும் மாறலாம். கழுத்துக்குக் கீழ் ஒரு தலையணையும், மார்பிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டும், கணைக்காலுக்கு அடியில் இரண்டும் வையுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும். திரும்பிப் படுத்தவுடன் விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் சரிந்தால், பதறுவதற்கு முன் கன்னத்தின் அடியில் ஆக்சிஜன் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எண் ஏறாவிட்டால் உடனே செவிலியரை அழையுங்கள்.

கேள்வி: இதனால் வென்டிலேட்டரைத் தவிர்க்க முடியுமா?

பதில்: சிலருக்கு முடியும். அதிவேக ஆக்சிஜன் பெற்ற 1,100-க்கும் மேற்பட்ட கோவிட் நோயாளிகளிடம் ஆறு நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், குப்புறப் படுத்தவர்களுக்கு வென்டிலேட்டருக்காக மூச்சுப் பாதையில் குழாய் செருகும் தேவை குறைந்தது. இறப்பு குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆகவே, எண் சற்று ஏறியதை நம்பி, தேவையான வென்டிலேட்டரைத் தள்ளிப்போடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கேள்வி: வென்டிலேட்டரில் உள்ள அக்காவைத் தினமும் 16 மணி நேரம் குப்புறக் கிடத்துகிறார்கள். முகம் வீங்கிவிட்டது; பார்க்கவே முடியவில்லை.

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. அந்த வீக்கம் மல்லாத்திய பின் மெல்ல வடிந்துவிடும். மருத்துவர்கள் இவ்வளவு நேரம் கிடத்துவதற்கு வலுவான காரணம் உண்டு: 2013-ல் வெளியான புரோசேவா ஆய்வில், கடும் நுரையீரல் பாதிப்புடன் வென்டிலேட்டரில் இருந்த 466 பேரில், மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதத்தினர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். குப்புறக் கிடத்தப்பட்டவர்களில் அது 16 சதவீதமே. கண்கள் அழுந்தாமலும் நெற்றி, தாடையில் புண் வராமலும் தலையைப் பக்கம் மாற்றி வைக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: கர்ப்பிணிகள்?

பதில்: தாமாகக் குப்புறப் படுக்கக் கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி மருத்துவரை அழைக்கவும்.