முதல் கல்

அன்பின் ஐயாவுக்கு,

திருகோணமலையில் நாங்கள் ஆறு பேர். தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக முதலில் எழுந்தவர்களை நினைவுகூர, வருகிற ஜூனில் உவர்மலைப் பக்கம் ஒரு வீட்டு மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சி வைக்கிறோம். வாசலில், நியூயோர்க்கின் ஸ்டோன்வோல் மதுச்சாலையில் பொலிஸ் சோதனையை எதிர்த்து எழுந்த கலவரத்தில் முதல் கல்லை எறிந்த மார்ஷா ஜோன்சனின் பெரிய படம். உள்ளே இருபது பேர். இந்த ஊரில் வாழ்ந்து மறைந்த ஒருவரையும் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம். 'எல்லாம் வெள்ளைக்காரன் கதை' என்ற பேச்சும் வரும். உங்கள் யோசனை என்ன?

வாசகி, திருகோணமலை

அன்பின் தங்கைக்கு,

வாசல் படத்தை மாற்றுங்கள். 1969 ஜூன் 28 அதிகாலையில், தான் போய்ச் சேரும்போது கலவரம் தொடங்கிவிட்டிருந்தது என்று மார்ஷாவே பேட்டியில் சொல்லியிருக்கிறார். முதலில் எறிந்தவர் யார் என்பதற்கு உறுதியான சாட்சி கிடையாது. அவரை உள்ளே வையுங்கள். அடுத்த ஆண்டு தோழி சில்வியா ரிவேராவோடு சேர்ந்து, வீட்டை விட்டு விரட்டப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்க இடம் தேடிக் கொடுத்தாரே, அதை எழுதுங்கள். கல்லெறிந்த கதையை விட எனக்கு அது பெரிது.

வாசலுக்குரியவர் கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ். 1867 ஆகஸ்ட் 29, மியூனிக் நகரில் ஜெர்மானியச் சட்ட அறிஞர்களின் மாநாடு. ஆணை விரும்பும் ஆண்களைத் தண்டிக்கும் சட்டங்களை நீக்கச் சொல்லி மேடையில் எழுந்தார். கூச்சல் போட்டு இறக்கிவிட்டார்கள். அதுவரை புனைபெயரில் எழுதியவர், பிறகு சொந்தப் பெயரில் நூல் போட்டார். ஒரு கவனம்: 'ஹோமோசெக்ஷுவல்' என்ற சொல் அன்று இல்லை. 1868 மே 6இல் கெர்ட்பெனி என்ற எழுத்தாளர் உல்ரிக்ஸுக்கு எழுதிய கடிதத்தில்தான் அது முதலில் தென்படுகிறது. அச்சில் வந்தது 1869இல். உல்ரிக்ஸ் தனக்கென்று உருவாக்கிய சொல் 'ஊர்னிங்'. அதையே போட்டு, அடைப்பில் விளக்குங்கள். தமிழிலும் சொல் முக்கியம். 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று எழுதினால் மனிதர் மறைந்து படுக்கை மட்டும்தான் மிஞ்சும். 'தன்பாலீர்ப்பு' என்றே எல்லாப் பலகையிலும் வரட்டும். ஆளுக்கொரு சொல் வேண்டாம்.

அடுத்து ஜெர்மானிய மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். 1897இல் பெர்லினில் குழு அமைத்து, ஆண்களின் தன்பாலுறவைத் தண்டித்த ஜெர்மானியச் சட்டத்தின் 175ஆம் பிரிவை நீக்கக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார். 1898இல் சோஷலிசத் தலைவர் ஆகஸ்ட் பேபல் அதை நாடாளுமன்றத்தில் எடுத்துப் பேசினார். 1919இல் ஹிர்ஷ்ஃபெல்ட் திறந்த ஆய்வு நிலையத்தை 1933 மே 6இல் நாஜி மாணவர்கள் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து நூல்கள் எரிந்தன. அந்தப் பிரிவு முழுதாக நீங்கியது 1994இல். ஆகவே ஹிர்ஷ்ஃபெல்ட் 'வென்றார்' என்று எழுதாதீர்கள். இன்னொன்று, நூலெரிப்பு பல நகரங்களில் நடந்தது. படம் எந்த நகரத்தது என்று தெரியாவிட்டால் போடவே வேண்டாம்.

ஃப்ராங்க் கமெனி வானியலாளர். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக 1957இல் அமெரிக்க அரசு அவரை வேலையிலிருந்து நீக்கியது; உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தானே எழுதினார்; 1961இல் நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. 1965 ஏப்ரல் 17இல் வெள்ளை மாளிகைக்கு முன்னால் பத்துப் பேரளவில் பதாகை பிடித்து நடந்தார்கள். ஆண்களுக்கு கோட்டும் டையும், பெண்களுக்குப் பாவாடை, சுத்தமான எழுத்தில் பதாகை என்று விதி வைத்திருந்தார். இப்போது பார்த்தால் சிரிப்பு வரலாம். வேலைக்கு எடுக்கத் தகுந்தவர்கள் என்று காட்டுவதுதான் அன்றைய கோரிக்கையே. 2009இல் அரசு அவரிடம் மன்னிப்புக் கேட்டது. 1965 ஊர்வலப் படங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. அனுமதி கேட்டு எழுதப் பல வாரம் பிடிக்கும், இன்றே எழுதுங்கள். உல்ரிக்ஸ் படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

'வெள்ளைக்காரன் கதை' என்பவருக்கு 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையைக் காட்டுங்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இரண்டும் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போனவை. 1995இல் நம்முடைய பாராளுமன்றம் 365அ பிரிவில் 'ஆண்' என்றிருந்ததை 'ஆள்' என்று மாற்றி, பெண்களையும் உள்ளே இழுத்தது. அதே ஆண்டில்தான் ஷேர்மன் டி ரோஸ் 'கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி' அமைப்பைத் தொடங்கினார். 2004இல் 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பு வந்தது. அதன் ரோசானா ஃப்ளேமர்-கல்தேரா கொண்டுபோன முறைப்பாட்டில், பெண்களைக் குற்றவாளியாக்குவது பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் மீறல் என்று ஐ.நா. குழு 2022இல் சொன்னது. குற்றநீக்கச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மேயில் உச்ச நீதிமன்றம் கூறியும், அது நிறைவேறாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது. இந்தியாவில் இதே மாதிரியான 377ஆம் பிரிவை எதிர்த்து 1994இல் டில்லியில் வழக்குப் போட்ட 'எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன்' அமைப்புக்கும், 1999 ஜூலை 2இல் கொல்கத்தாவில் நடந்த தன்பாலீர்ப்பாளர் உரிமை நடைக்கும் ஒவ்வொரு பலகை. உயிரோடு இருப்பவரின் படத்துக்கு அவரிடமே கேளுங்கள்.

மறைந்த உங்கள் ஊர்க்காரர் தன் வாயால் வெளியே சொல்லாதவர் என்றால் வேண்டாம். சட்டம் அப்படியே இருக்கிறது, அவருடைய வீட்டாரும் அங்கேயே இருக்கிறார்கள். 'பெயரில்லாதவர்' என்று வெற்றுச் சட்டகம் மாட்டும் யோசனையும் யாருக்காவது வரும். மாட்டாதீர்கள். பின்னேரத்துக்குள் ஊரே அதில் ஒரு பெயரை ஊகித்துவிடும்.

இருபது பலகை அந்த மண்டபத்துக்கு அதிகம், ஒன்பது போதும். ஏ2 அளவு, தமிழில் அறுபது சொல், பக்கத்தில் சிங்களம். எழுத்து 28 புள்ளிக்குக் குறைந்தால் கண்ணாடி போட்டவர்கள் முகத்தைச் சுவரில் ஒட்டித்தான் வாசிக்க வேண்டும். அச்சகத்தில் இன்னும் பாமினி எழுத்துருவில் வேலை செய்பவர்கள் உண்டு. யூனிகோடிலிருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' குலைந்துபோகும். எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுத்து, ஒரு ஏ4 தாளில் மாதிரி எடுத்து வாசித்த பிறகே மிச்சத்தை அச்சிடுங்கள். வேலை முடிந்ததும் கோப்பை அவர்களுடைய கணினியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

ஜூனில் உங்களுக்குக் கச்சான் காற்று வீசும். மெல்லிய தாள் சுருண்டுவிடும், இரட்டைப் பக்க டேப் மதியத்துக்குள் சுண்ணாம்போடு கழன்று விழும். ரெஜிபோமில் ஒட்டுவதானால் ஸ்பிரே பசை வேண்டாம், அது ரெஜிபோமைத் தின்னும். வெள்ளைப் பசையை மெல்லப் பூசி, இரவு முழுக்கப் பாரம் வைத்துக் காயவிடுங்கள். பலகையின் நடு, தரையிலிருந்து 145 சென்ரிமீற்றரில் வரட்டும். கயிற்றில் தொங்கவிட்டால் கீழேயும் கட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும்.

வருகைப் புத்தகம் வைக்காதீர்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய கொப்பி யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. பலகைகளைப் படமெடுக்கலாம், ஆட்களை எடுக்கக்கூடாது என்று மூன்று மொழியிலும் வாசலில் எழுதி, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். வீட்டுக்காரரிடம் எதற்காக எடுக்கிறோம் என்பதைச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 'பிறந்தநாள்' என்று சொல்லி எடுத்தால் முதல் நாளே கதவு பூட்டுப்படும்.

மே 15க்குள் ஒன்பது வாசகங்களையும் அனுப்புங்கள். ஆண்டுகளையும் பெயர்களையும் பார்த்துத் தருகிறேன். சிங்களப் பகுதியை மட்டும் அதைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டுங்கள்.