வெள்ளிக்கிழமை மாலைக்குத் தள்ளிவைக்கும் பாடங்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எங்கள் இரண்டு குழந்தைகளையும் (வயது 8, 11) பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணக்கு, அறிவியல், மொழிப்பாடம் எல்லாம் ஒழுங்காகப் போகின்றன. ஓவியம், இசை, கவிதை, இயற்கையைக் கவனிப்பது ஆகியவற்றை வெள்ளிக்கிழமை மாலைக்கு வைத்திருக்கிறேன், அதற்குள் கணக்கில் ஏதாவது பாக்கி விழுந்து அந்த மாலையும் போய்விடுகிறது. எனக்கு வரையவும் வராது, பறவைகளின் பெயரும் தெரியாது. "இதெல்லாம் வளர்ந்ததும் அவர்களே தேடிக்கொள்வார்கள்" என்கிறார் கணவர். இவற்றுக்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டுமா? வேண்டுமென்றால், ஒன்றும் தெரியாத நான் எப்படிச் சொல்லித்தருவது?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒதுக்கத்தான் வேண்டும், ஆனால் வெள்ளி மாலையை விட்டுவிடுங்கள். காலையில் கணக்குக்கு முன்னால் பதினைந்து நிமிடம் போதும், ஒரு நாள் படம், ஒரு நாள் கவிதை, ஒரு நாள் வெளியே. வீட்டுக்கல்விக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) செய்ததும் இதுதான்: ஓவியம் பார்ப்பதையும் கவிதையையும் இயற்கைக் குறிப்பேட்டையும் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்தார், பாடவேளைகளைக் குட்டையாக வைத்தார். அவர் சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடு கிடையாது, இதில் உண்டு.

பெயர் தெரியாதது ஒரு குறையே இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்கைக் கல்வி கற்பித்த அன்னா காம்ஸ்டாக், 1911இல் ஆசிரியர்களுக்காக எழுதிய பெரிய கையேட்டில், தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்லத் தயங்கவே வேண்டாம் என்கிறார். பெயரைச் சொன்னதும் "ஓ, அதுவா" என்று பிள்ளை திரும்பிப் போய்விடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

காடும் தோட்டமும் இல்லாத வீடு என்றால் நிலாவில் தொடங்குங்கள். மூன்றாம் பிறையிலிருந்து தினமும் மாலை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று, நிலா எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்று வரைந்து வைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் அது கிழக்கே நகர்ந்துகொண்டே போகும், பௌர்ணமி கழிந்த சில நாட்களில் அந்த நேரத்துக்கு ஆளையே காணாது. எங்கே போச்சு என்று தேடுகிற பிள்ளை ஒரு நாள் காலையில் மேற்கு வானத்தில் வெளிறிப்போன நிலாவைக் கண்டுபிடிக்கும். நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது, ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். இரண்டையும் நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். குறிப்பேட்டில் சிவப்பு மையோடு திருத்தவும் இறங்காதீர்கள்.

ஓவியத்துக்கு, பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த குழந்தைகள் விளையாட்டுப் படத்தைப் பரிந்துரைப்பேன். ஒரே சட்டத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். சில நிமிடம் பார்க்க விட்டுவிட்டு, படத்தை மூடி, என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். எட்டு வயது சொல்வதை பதினொன்று மறுக்கும், திறந்து பார்க்கச் சொல்லிச் சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம். ஓவியர் எந்தப் பாணி, எந்த நூற்றாண்டு என்பதையெல்லாம் உங்கள் கணவர் சொல்வதுபோல் பின்னால் தேடிக்கொள்ளலாம். பொறுமையாகப் பார்க்கும் பழக்கத்தை அப்படித் தேடிக்கொண்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

கவிதையை உரக்க வாசியுங்கள், ஒரே கவிதையை ஒரு வாரம் முழுக்க. "கவிஞர் என்ன சொல்ல வருகிறார்" என்று கேட்டு அதைச் சாகடிக்க வேண்டாம். மூத்த பிள்ளைக்குக் குறுந்தொகையிலிருந்தே சில பாடல்களைக் கொடுக்கலாம், நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும், கடினச் சொற்களுக்கு மட்டும் பொருள் சொன்னால் போதும். அதன் 41ஆம் பாட்டில், ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறது. பாடியவரின் சொந்தப் பெயர் நமக்கு வரவில்லை, அந்த வரியை வைத்து அணிலாடு முன்றிலார் என்றே அழைக்கிறோம். தனிமையைச் சொல்ல வந்த ஒருவர் அணிலை எவ்வளவு கவனித்திருக்க வேண்டும் என்பது பதினொரு வயதுக்குப் புரியும்.

உடனே அணில் வாரம் என்று ஒன்றை அறிவித்து அணில் ஓவியம், அணில் பாட்டு, அணில் ஒர்க்‌ஷீட் என்று இறங்கிவிடாதீர்கள். வீட்டுக்கல்விக் குடும்பங்களில் இந்த வியாதி நிறைய. அம்மா ராத்திரி முழுக்க உட்கார்ந்து தயாரிக்கிறார், பிள்ளைக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. அதே மாதிரிதான் கவிதையை இலக்கணப் பயிற்சிக்கும் படத்தை வரலாற்றுப் பாடத்துக்கும் கடன் கொடுப்பது.

ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். பார்ப்பது, கேட்பது வேறு, கற்றுத் தேர்வது வேறு. பாட்டோ வாத்தியமோ முறையாக வர வேண்டுமென்றால் அதற்கு ஆசிரியர் வேண்டும், தினசரிப் பயிற்சி வேண்டும், அங்கே அம்மாவின் ஆர்வம் போதாது. ஆளுக்கு ஒன்று மட்டும், பிள்ளை கேட்டதை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரு வருடமாவது போகட்டும், நடுவில் அலுப்பு வரத்தான் செய்யும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு வருடம் கழித்தும் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம்.