ராஸ்தா என்றால் கஞ்சா கோஷ்டியா?

கேள்வி: எங்கள் தெருப் பையன் ஒருவன் சடைமுடி வளர்த்துக்கொண்டு, பாடகர் பாப் மார்லி படம் போட்ட பனியனோடு திரிகிறான். கேட்டால் ‘நான் ராஸ்தா’ என்கிறான். கஞ்சா அடிக்கவும் குளிக்காமல் இருக்கவும் ஒரு மதமா? செத்துப்போன ராஜாவைக் கடவுள் என்று கும்பிடுகிறவர்களை எப்படி ஐயா மதிப்பது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தப் பையனை விடுங்கள். பனியன் வாங்கியதால் யாரும் ராஸ்தா ஆகிவிடுவதில்லை. ஆனால் அவன் மேலுள்ள எரிச்சலை, நம்பிக்கைக்காக அடிபட்டுச் சிறை போன ஒரு ஜனத்தின் தலையில் கொட்டியிருக்கிறீர்கள். அதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

ராஜா விஷயத்துக்கு முதலில் வருகிறேன். ராஸ்தா மதம் பிறந்தது ஆங்கிலேயர் ஆண்ட கரீபியன் தீவான ஜமைக்காவில். அங்கே அடிமைகளுக்கு முழு விடுதலை கிடைத்தது 1838-ல். அதன் பிறகும் நல்ல நிலமெல்லாம் துரைமார்களிடமே இருந்தது. சர்ச்சில் மாட்டியிருந்த இயேசுவும் வெள்ளை. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்று பிரசங்கத்தில் கேட்ட கரும்புத் தோட்டக் கூலிக்கு, அந்தச் சாயல் முதலாளியின் முகத்தில்தான் தெரிந்தது. இந்த நிலையில், 1930 நவம்பர் 2 அன்று, ராஸ் தஃபாரி என்பவர் ஹைலி செலாசி என்ற பெயரில் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடினார். ராஸ்தா என்ற பெயரே இவருடைய பழைய பெயரிலிருந்து வந்ததுதான். 1896-ல் அட்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த நாடு அது. அவருடைய பட்டமோ ‘யூதா கோத்திரத்துச் சிங்கம்’. பைபிளில் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருவது. கடவுளுக்குத் தங்கள் நிறம் இருக்கக்கூடும் என்று அந்த ஏழைகள் நினைத்ததில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லெனார்ட் ஹவல் என்பவர் அந்த மன்னரின் புகைப்படத்தை ஆளுக்கு ஒரு ஷில்லிங்குக்கு விற்று, ‘நம் அரசர் இவர்தான், லண்டனில் இருப்பவர் அல்ல’ என்று ஊர் ஊராகப் பேசினார். 1934-ல் ராஜத்துரோகக் குற்றத்துக்கு இரண்டு வருடச் சிறை கிடைத்தது. 1940-ல் அவர் மலைப்பகுதியில் பினாக்கிள் என்ற குடியிருப்பை அமைத்தார். போலீஸ் அதற்குள் 1941-லும் 1954-லும் புகுந்தது.

செலாசி தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டவர் அல்ல. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். 1966 ஏப்ரல் 21 அன்று அவர் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் வந்து இறங்கியபோது, கூட்டம் காவலை உடைத்துக்கொண்டு விமானத்தைச் சூழ்ந்துகொண்டது. மன்னரால் இறங்க முடியவில்லை. கடைசியில் மார்ட்டிமர் பிளானோ என்ற ராஸ்தா பெரியவர் படிக்கட்டில் ஏறி நின்று சொன்ன பிறகுதான் கூட்டம் வழிவிட்டது. அதற்கு மூன்று வருடம் முன்பு அதே தீவில் ராஸ்தா என்றாலே விலங்கு மாட்டினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1963-ல், புனித வெள்ளிக்கு முந்தைய நாள், மாண்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் ஒரு பெட்ரோல் பங்கில் ராஸ்தாக்கள் சிலர் சம்பந்தப்பட்ட மோதல் வெடித்தது. போலீஸ்காரர் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். உடனே மேற்கு ஜமைக்கா முழுக்கக் கண்ணில் பட்ட ராஸ்தாக்களையெல்லாம் பிடித்தார்கள். அந்தச் சம்பவத்துக்கும் அவர்களில் பெரும்பாலோருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அடித்தார்கள், அடைத்தார்கள், சடையை அறுத்தெறிந்தார்கள். அந்தச் சடை பைபிளின் எண்ணாகமத்தில் சொல்லப்படும் நசரேய விரதம். தலையில் கத்தி படக்கூடாது. 2017-ல் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அரசின் சார்பில் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

குளிப்பதில்லை என்று யார் சொன்னது? கிங்ஸ்டனுக்குப் பக்கத்தில் புல் பே மலைமேல் வாழும் போபோ அஷாந்தி என்ற ராஸ்தா பிரிவினர் சடையைத் தலைப்பாகைக்குள் முடிந்துகொண்டு, விளக்குமாறு கட்டி விற்றுப் பிழைக்கிறவர்கள். சுத்தத்தில் அவர்களை மிஞ்ச முடியாது. ஐட்டல் என்கிற அவர்களுடைய சமையலில் பன்றி இல்லை, டின் உணவு இல்லை, பலர் வீட்டில் மாமிசமே இல்லை. கறாரானவர்கள் உப்பும் போடுவதில்லை. கருணைக்கிழங்கு வகை, வாழைக்காய், பூசணி, கீரை எல்லாவற்றையும் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, ஒரு முழு மிளகாயைக் கீறாமல் மேலே போடுவார்கள். வாசனை இறங்கும், காரம் இறங்காது. சுரைக்குடுவையில் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

கஞ்சா உண்டு, மறுக்கவில்லை. 1845 முதல் கப்பலேறிப் போன இந்தியக் கூலிகளோடுதான் அந்தப் பழக்கம் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தலைத்துணியை எடுத்துவிட்டு ஜெபம் சொன்ன பிறகே குழாயைப் பற்றவைப்பார்கள். பிறகு விடிய விடிய வேதமும் நியாயமும் பேசுவார்கள். தொடாத ராஸ்தாக்களும் உண்டு. 2015-ல் ஜமைக்கா சட்டமே அவர்களுடைய வழிபாட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. உங்கள் தெருமுனையில் நடப்பது இது அல்ல.

அவர்களிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. செலாசியின் ஆட்சியில்தான் 1973-ல் எத்தியோப்பியாவின் வோலோ பகுதிப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அரசு அதை மூடி மறைக்கப் பார்த்தது. பக்தர்கள் இதைப் பேசத் தயங்குவது எனக்கு உறுத்துகிறது. மாதவிலக்கான பெண்ணைத் தனியே ஒதுக்குகிற பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. சமமாக நடத்து என்று உலகத்தையே கேட்டவர்கள் வீட்டுக்குள் இதைச் செய்வதை எந்த வேதம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது. ராஸ்தா பெண்களே பல வருடங்களாக இதைத் தங்கள் ஆண்களிடம் நேருக்கு நேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்.