மீண்டும் பயன்படுத்தும் ராக்கெட் என்றால் என்ன? ஸ்டார்ஷிப்பை ஏன் கோபுரத்தில் பிடிக்கிறார்கள்?

பறந்த ராக்கெட்டைத் திரும்ப இறக்கி, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏவுவதுதான் மறுபயன்பாடு. வழக்கமான ராக்கெட் வாழை இலை மாதிரி, ஒரு பந்தியோடு சரி. ஸ்பேஸ்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ராக்கெட்டான ஸ்டார்ஷிப் எவர்சில்வர் தட்டாக இருக்கப் பார்க்கிறது. அதன் உடலும் உண்மையிலேயே எவர்சில்வர்தான்!

ஆனால் திரும்பி வரவும் எரிபொருள் வேண்டும். அந்த எடை ஏற்றிச் செல்லும் சரக்கைக் குறைக்கும். இறங்குவதற்குக் கால்களும் வைத்தால் இன்னும் எடை. அதனால் கால்களையே விட்டுவிட்டு, ஏவிய கோபுரத்தின் இரு இரும்புக் கைகளால் பிடிக்கிறார்கள்.

2023 ஏப்ரல் 20 அன்று டெக்சாஸின் போகா சிக்காவிலிருந்து கிளம்பிய முதல் முழு ஸ்டார்ஷிப் (அடிப்பகுதியும் மேற்பகுதியும் சேர்ந்தது) சுமார் 4 நிமிடத்தில் சிதறியது. ஏவுதளத்தின் கான்கிரீட்டே பெயர்ந்துபோனது. 2024 அக்டோபர் 13, ஐந்தாம் பறப்பில், 33 இன்ஜின் கொண்ட அடிப்பகுதி கோபுரக் கைகளில் வந்து அமர்ந்தது. நேரலையில் பார்த்த எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. அப்படிப் பிடித்த ஒன்று 2025 மே மாதம் மறுபடி பறந்தது.

பலர் இதை முழு ராக்கெட்டும் திரும்பிவிட்டதாக நினைக்கிறார்கள். கோபுரம் பிடித்தது அடிப்பகுதியை மட்டும்தான், 2025 வரையிலான சோதனைகளில் மேற்பகுதி ஒருமுறைகூட மறுபடி பறக்கவில்லை.