வாசகர் கேள்வி: திக் திக் தரையிறக்கம்

கேள்வி: தரையிறங்கும்போது சிலிர்க்க வைக்கும் விமான நிலையங்களில் உங்களுக்குப் பிடித்தது எது? (வாசகர், திருச்சி)

பதில்: ஹாங்காங்கின் பழைய கை டாக்! 1998 ஜூலையில் மூடிவிட்டார்கள், ஆனாலும் என் மனதில் அதற்குத்தான் முதலிடம். 13-ஆம் எண் ஓடுபாதைக்கு நேராக வர வழியில்லை, மலைகள் மறிக்கும். அதனால் கட்டம் கட்டமாகப் பெயின்ட் அடித்த ஒரு குன்றை நோக்கிப் பறந்து வந்து, அது கண்ணில் பட்டதும் விமானி தன் கையாலேயே வலப்பக்கம் 47 டிகிரி திருப்பி இறக்க வேண்டும், அதுவும் கவுலூன் அடுக்குமாடிகளை உரசுகிற மாதிரி, 747 போன்ற பிரம்மாண்ட விமானத்தை! ஜன்னலோர இருக்கைக்காரர்களுக்கு மொட்டைமாடிகள் பக்கத்தில் தெரியும். குறுக்குக் காற்று வேறு அடித்தால் கேட்கவே வேண்டாம், மூக்கு ஒரு பக்கம், போகிற திசை ஒரு பக்கம். அப்புறம் சக்கரம் தொட்டால், இருபுறமும் கடல். பழைய வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன, காற்று பலமாக வீசிய நாளில் எடுத்ததாகத் தேடிப் பாருங்கள்.