மருத்துவர் பதில்: சரவாங்கிக்கு எதிர்ப்பு சக்தி கூட்டும் கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். எனக்குக் கம்பம் பக்கம். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறேன். அம்மாவுக்கு 46 வயது. வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் கையை மடக்கவே முடியாமல் போனது. தேனியில் ரத்தம் எடுத்துப் பார்த்து சரவாங்கி, அதாவது முடக்குவாதம் என்றார்கள். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் வேறு சில மாத்திரைகளும் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். போன மாதம் என் வண்டியில் வரும் ஒருவர், "எதிர்ப்பு செல் சரியில்லாததால்தான் இந்த நோய் வருகிறது, அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள், எதிர்ப்பு சக்தியை ஏற்றினால் போதும்" என்று சொல்லி, குமுளியிலிருந்து சிற்றமிர்து சேர்ந்த கஷாயம் வாங்கிக் கொடுத்தார். அம்மா மாத்திரைகளை நிறுத்திவிட்டு அதைக் குடிக்கிறார். இப்போது கை மறுபடி வீங்கியிருக்கிறது. நோபல் பரிசு வாங்கிய அந்த வைத்தியம் நம் பக்கம் வந்துவிட்டதா? கஷாயத்தைத் தொடரலாமா? எனக்கும் இந்த நோய் வருமா? அப்புறம், அம்மாவுக்கு மூன்று வாரமாக இருமலும் இருக்கிறது.

பதில்: தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. மூன்று வார இருமல். சரவாங்கிக்கு மருந்து சாப்பிட்ட ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், வேறு எதையும் பேசுவதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நாளைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். சளிப் பரிசோதனை இலவசம். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். அது வெறும் சளியாகவும் இருக்கலாம், தோட்டத்தில் மருந்தடித்த நாளின் நெடியாகவும் இருக்கலாம். ஆனால் சரவாங்கியே சிலருக்கு நுரையீரலைத் தொடும். மெத்தோட்ரெக்சேட்டும் அரிதாக நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். அதனால் ஊகத்தில் விடக்கூடாது. இந்தப் பரிசோதனை முடியும்வரை, நின்றுபோன மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக மறுபடி தொடங்கவும் வேண்டாம்.

இன்னொன்று. "வேறு சில மாத்திரைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பிரெட்னிசோலோன் இருந்ததா என்று சீட்டைப் பாருங்கள். அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் போதாமல் போய்விடும். அம்மாவுக்குத் தலைசுற்றல், வாந்தி, எழுந்து நிற்க முடியாத அசதி என்று ஏதாவது இருந்தால் காலைவரை காத்திருக்காமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் வந்தவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியையும் நம்பவைத்துவிட்டார்.

2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் கிடைத்தது. நம் ரத்தத்தில் டி செல்கள் என்று ஒரு வகை வெள்ளணுக்கள் உண்டு. கிருமி நுழைந்தால் அடையாளம் கண்டு தாக்குபவை அவை. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. டி செல்கள் பழகி வெளியே வருவது அங்கேதான். நம் உடம்பையே எதிரியாக நினைக்கும் செல்களை தைமஸ் அங்கேயே அழித்துவிடும். ஆனால் எல்லாமே அதில் சிக்குவதில்லை, சில தப்பி வெளியே வந்துவிடும். சரவாங்கி என்பது பாதுகாப்புச் செல்கள் சொந்த மூட்டையே தாக்கும் நோய். அப்படியானால் நம் எல்லோருக்கும் ஏன் சரவாங்கி வரவில்லை?

இந்தக் கேள்வியைத்தான் சகாகுச்சி விடாமல் துரத்தினார். பிறந்து மூன்று நாளான எலிக்குட்டிகளுக்குத் தைமஸை எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு. அந்த எலிகளின் உடம்பையே அவற்றின் பாதுகாப்புச் செல்கள் தாக்கத் தொடங்கின. நல்ல எலியிலிருந்து டி செல்களை எடுத்துச் செலுத்தியபோது அந்த நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே மற்றவற்றை அடக்கிவைக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தை அவர் 1995இல் அடையாளம் காட்டினார். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் வேறு வழியாக வந்தார்கள். 1940களில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களிலேயே சாகும் ஆண் எலிகள் பிறந்தன. அந்த எலி வம்சத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கோளாறு எந்த மரபணுவில் என்று இவர்கள் இருவரும் தேடினார்கள். சுற்றிச் சுற்றி 20 மரபணுக்கள் வரை குறுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், இருபதாவதில்தான் பிடித்தார்கள். ஃபாக்ஸ்பி3 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சில ஆண் குழந்தைகளுக்குப் பிறந்ததுமே வரும் கொடிய நோய் ஒன்றுக்கும் இதே மரபணுவின் பழுதுதான் காரணம் என்று 2001இல் தெரிந்தது. சகாகுச்சி கண்ட அடக்கிவைக்கும் செல்கள் உருவாகவும் இதே மரபணுதான் வேண்டும் என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் உறுதியானது.

ஆக, இந்தப் பரிசு எதிர்ப்பு சக்தியை ஏற்றும் வழிக்குக் கொடுத்தது இல்லை, தம்பி. அதை அடக்கும் பிரேக்கைக் கண்டுபிடித்ததற்குக் கொடுத்தது. கம்பம்மெட்டு இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியை ஓட்டி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர், "இன்ஜினுக்குப் பலம் போதவில்லை, ஆக்சிலேட்டரை மிதி" என்று சொன்னால் கேட்பீர்களா? சரவாங்கி உள்ளவருக்கு எதிர்ப்பு சக்தி கூட்டும் மருந்து தேடுவது அப்படிப்பட்ட காரியம்.

உங்கள் அம்மாவின் கையை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். விரல் தொடங்கும் இடத்து மூட்டையும் நடுமூட்டையும் மெதுவாக அழுத்தினால் எலும்பு தட்டாது, ஊறிய பஞ்சை அமுக்குவதுபோல் மெத்தென்று இருக்கும். தொட்டால் சூடு தெரியும். மூட்டின் உள்ளே மெல்லிய ஜவ்வு ஒன்று உண்டு. டி செல்கள், பி செல்கள் இன்னும் பல வெள்ளணுக்கள் அதற்குள் போய்க் குடியேறிவிட்டதால் வந்த வீக்கம் அது. பி செல்கள் சொந்த உடம்பையே குறிவைக்கும் எதிர்ப்பொருளை உற்பத்தி செய்கின்றன. மற்றவை டிஎன்எஃப் போன்ற ரசாயனங்களைக் கக்குகின்றன. ஜவ்வு தடித்து எலும்பை அரிக்கிறது. வீக்கம் மருந்தால் வடியும், அரித்துப்போன எலும்பு திரும்ப வராது. மருந்தை நிறுத்திய ஒவ்வொரு மாதமும் எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

சிற்றமிர்து என்று மலையாளத்தில் சொல்வது நம் சீந்தில் கொடிதான். வேலியிலும் மரத்திலும் படர்ந்து கிடக்கும், சித்த வைத்தியத்திலும் பழைய மூலிகை. அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று பலரும் அதை நாள்தோறும் குடித்தார்கள். அப்படிக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். பிறகு நாட்டின் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து அப்படிப்பட்ட 43 நோயாளிகளைப் பற்றி வெளியிட்டன. ஆயுஷ் அமைச்சகம் சீந்திலுக்கும் கல்லீரல் பாதிப்புக்கும் தொடர்பில்லை என்று மறுத்தது. அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் அம்மாவுக்கு உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் ஏற்கெனவே இருக்கிறது, அவர் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. இரண்டுக்கும் நடுவில் இந்தக் கஷாயத்தை நான் அனுமதிக்க மாட்டேன். இன்றோடு நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் அம்மாவின் கண் வெள்ளையைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தாலோ, சிறுநீர் கட்டித் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டும் இல்லை என்றாலும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று வேண்டும்.

புதிய வைத்தியம் வந்துவிட்டதா என்று கேட்டீர்கள். சரவாங்கிக்கு இன்னும் வரவில்லை. அடக்கும் டி செல்களை உடம்பில் பெருக்குவது, வெளியே வளர்த்துத் திரும்பச் செலுத்துவது என்று பல முயற்சிகள் மனிதர்களிடம் சோதனை அளவில் நடக்கின்றன. இன்னொரு பாதையும் உண்டு. ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவர்கள், உடம்பே உடம்பைத் தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் முற்றியவர்களின் டி செல்களை வெளியே எடுத்து, அவர்களின் பி செல்களை வேட்டையாடும்படி மாற்றித் திரும்பச் செலுத்தினார்கள். முதலில் 2021இல் ஓர் இளம்பெண்ணுக்கு. 2024இல் லூபஸும் அதைப் போன்ற வேறு இரண்டு நோய்களும் உள்ள 15 பேரின் நிலையை வெளியிட்டார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை எல்லோருக்குமே நிறுத்த முடிந்திருந்தது. படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. இதே முறையில் மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய சிகிச்சைக்கு 2023இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு, செலவும் பல லட்சம். இந்தப் பெயரைச் சொல்லி சரவாங்கிக்கு ஊசி போடுகிறோம், செல் ஏற்றுகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கையில் இருக்கும் மெத்தோட்ரெக்சேட் ஒன்றும் இளைத்த மருந்து இல்லை. புற்றுநோய்க்கு அதிக அளவில் கொடுத்துவந்த மருந்து அது. சரவாங்கிக்குக் குறைந்த அளவில், வாரம் ஒருமுறை கொடுக்க 1988இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதலில் எழுதும் மருந்து அதுதான். மூட்டில் கொதித்துக்கொண்டிருக்கும் அந்தச் செல்களை அது அமைதிப்படுத்துகிறது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மருத்துவர் மறுபடி தொடங்கச் சொன்னால், வாரம் ஒரே ஒரு நாள். வலி கூடிவிட்டது என்று தினமும் போட்டுவிட்டு, வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்த அணுக்கள் அடியோடு குறைந்து உயிரே போகலாம். ஞாயிறு என்று முடிவு செய்தால் அட்டையின்மேல் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று கொட்டை எழுத்தில் நீங்களே எழுதுங்கள். போலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன வேறு நாளில் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ரத்தம் பார்க்க வேண்டும். மெடிக்கலில் வலிக்கு என்று பொட்டலம் கட்டித் தரும் மாத்திரைகள் வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

காசநோயை ஏன் முதலில் வைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். வெள்ளணுக்கள் அதைச் சுற்றி வளைத்துச் சிறை வைத்திருக்கும். மேலே சொன்ன டிஎன்எஃப்தான் அந்தச் சிறைச்சுவருக்குச் சாந்து. மூட்டை அரிக்கும் அதே பொருள் நுரையீரலில் காவல் காக்கிறது. அதனால்தான் சரவாங்கிக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசிகளைத் தொடங்குமுன் காசநோய் இல்லை என்று உறுதி செய்கிறோம். அம்மாவுக்கு நாளைக்கு அந்த ஊசி தேவைப்பட்டாலும் இப்போது எடுக்கும் எக்ஸ்ரே உதவும்.

உங்களுக்கு வருமா? பெற்றவருக்கு இருந்தால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. சிகரெட், பீடி பழக்கம் அந்த வாய்ப்பைக் கூட்டும். இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தேனிச் சீட்டு, மலைக்கு மேலே எங்காவது ஊசி போட்டிருந்தால் அந்த மலையாளச் சீட்டு, கஷாயப் பாட்டில் மூன்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். கஷாயம் குடித்ததை மறைக்க வேண்டாம், திட்டினாலும் பரவாயில்லை. மெத்தோட்ரெக்சேட்டை மறுபடி தொடங்கினாலும் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை அம்மா குனிந்து காய் எடுக்க வேண்டாம். கங்காணியிடம் பேசி, உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் வேலை இருந்தால் கேளுங்கள். காலையில் ஜீப்புக்குக் கிளம்புமுன் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை ஊறவைத்து மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். விரலில் மோதிரம் இருந்தால், இன்னும் வீங்குவதற்குள் சோப்புத் தண்ணீர் தொட்டுக் கழற்றிவிடுங்கள். சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.